பனிமலையில் எங்கள் சுரேஷைச் சுமந்தவர்கள்

முருகனை நம்பியிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பெங்களூர் மர்பி டவுன் தனபால் எழுதிக்கொள்வது. எனக்கு மேடையில் பேச வராது. எழுதவும் அவ்வளவாக வராது. ஆனால் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றிகெட்டதனம் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2005-ம் வருஷம், ஜனவரி மாதக் கடைசி. இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலைக்கிராமம். காலை ஏழு மணி. வெளியே கணுக்காலுக்கு மேல் பனி. என் மச்சான் சுரேஷ், அதாவது என் மனைவி ராணியின் தம்பி, ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வையில் சுருண்டு கிடக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி விறைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர் கீழே இருக்கிறது. என் ஆம்னி வேன் வாசலில் செத்துக் கிடக்கிறது. அதைக் கொன்றவன் நான்தான்.

சுரேஷுக்கு ஆறு வயசாக இருக்கும்போதே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். ராணிதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வரும்போது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பயணத்துக்குப் புறப்படும்போது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "ரெண்டு பேரும் போறீங்க, ரெண்டு பேரும் வரணும். வேற எதுவும் வாங்கிட்டு வர வேணாம்."

நாங்கள் எதற்கு அங்கே போனோம் என்று கேட்பீர்கள். சுரேஷ் அப்போது கால் சென்டரில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, பனியில் நின்றபடியே சறுக்குகிற பலகை ஒன்றை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்னோபோர்டு என்பார்கள். ஒரு வருஷம் அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றது. ராணி அதை இஸ்திரி போடுகிற பலகை என்று நினைத்து, கால் எங்கே கழன்று விழுந்தது என்று தேடியிருக்கிறாள். பெங்களூரில் பனி ஏது? இவனுக்கோ அதே பைத்தியம். கூட வேலை செய்த ஈரோட்டுப் பையன் பிரகாஷையும் கிளப்பிவிட்டு, என் காலைச் சுற்றி வந்தான்.

"மாமா, ஃப்ளைட்டு ஓட்டல்னு போனா நம்மால ஆவாது. உன் வண்டியிலயே போயிடலாம். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மாமா."

நான் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்காரன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் ஏற்றினோம். ஆறு நாள் ஓட்டம். பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்களோடு படுத்தோம். பஞ்சாபில் குருத்வாராவில் ரொட்டியும் பருப்பும் போட்டார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டோம். யார் என்ன ஜாதி, எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓசிச் சோறு சாப்பிடுகிறோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மலைக்கிராமத்துக்குப் போன அன்று வேனிலேயே படுப்பதாக இருந்தோம். எதிர்வீட்டு ராம்தாஸும் அவர் மனைவி கமலாவும் வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். உள்ளே படுத்தால் விறைத்துச் செத்துப்போவீர்கள் என்று எங்களை இழுக்காத குறையாகக் கூட்டிப்போய், மாட்டுக்கொட்டகைக்கு மேலே இருந்த அறையில் இடம் கொடுத்தார்கள். விறகடுப்பு மூட்டி, ராஜ்மாவும் சோறும் போட்டார்கள். என் புத்தி எப்படிப்பட்டது என்று கேளுங்கள். "காலையில என்னா பில்லு போடுவானுங்கன்னு பாரு" என்று பிரகாஷின் காதில் சொன்னேன்.

அன்று ராம்தாஸ் இன்னொன்றும் சொன்னார். வேனைக் காட்டி, "பானி நிகாலோ, பாய்" என்றார். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடு அண்ணே என்று அர்த்தம். பெங்களூர் அல்சூர் பக்கம் எல்லாப் பாஷையும் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த அளவு இந்தி புரியாதா? நன்றாகப் புரிந்தது. நம் ஊரில் எல்லா வேன்காரனும் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுவான். நானும் அதைத்தான் ஊற்றியிருந்தேன். அது உறையாமல் இருக்க ஊற்றுகிற மருந்து எதையும் நான் வாங்கியதே இல்லை. "பதினெட்டு வருஷமா ஓட்டறேன், எனக்கு வண்டி சொல்லித்தர வந்துட்டாரு பெரிய ஆளு" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டுப் படுக்கப்போனேன்.

மறுநாள் வெயில் அடித்தது. அன்று ஒரு குறையும் இல்லாமல் வண்டி கிளம்பியது. ராம்தாஸைப் பார்த்துச் சிரித்தேன். சரிவில் சுரேஷ் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நூறு தடவை விழுந்தான், நூறு தடவை எழுந்தான். சாயங்காலம் ஒரு தடவை விழுந்தபோது பனிக்குள்ளே மறைந்திருந்த கல் இடது விலாவில் குத்திவிட்டது. "ஒண்ணுமில்ல மாமா, சுளுக்கு" என்றான். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். அன்று ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது.

விடிந்ததும் அவன் கிடந்த கிடையைப் பார்த்தேன். ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினேன். ரெண்டு நிமிஷம் ஓடியது. அப்புறம் ஒரு சத்தம், குபுகுபு என்று ஆவி. மண்டியிட்டுப் பார்த்தால், உறைந்த தண்ணீர் உப்பி இன்ஜினையே பிளந்துவிட்டிருந்தது. டெலிபோன் லைன் அறுந்து கிடந்தது. பாதையில் பனி அள்ளுகிற வண்டி வர ரெண்டு நாள் ஆகும், அதுவரை கீழேயிருந்து எந்த வண்டியும் ஏறி வராது என்றார்கள்.

ராம்தாஸ் என் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் எங்கேயோ போனார். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

நான் வேனுக்குப் பின்னால் போய்ப் பனியில் முட்டி போட்டேன். எட்டு வருஷமாக நான் கோயில் வாசப்படி ஏறாதவன். எங்கள் பேட்டையில் சாமி பல்லக்கு தூக்குவதில் முன் கொம்பு யாருக்கு என்று எனக்கும் கூடத் தூக்குகிற கோபாலுக்கும் சண்டை வந்து, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று துண்டை உதறிவிட்டுப் போனவன். எந்த மூஞ்சியோடு கூப்பிடுவது? இருந்தாலும் கூப்பிட்டேன்.

"முருகா, திமிரு புடிச்சவன் நான். தண்டனைய எனக்குக் குடு. அவன் இன்னா பண்ணான்? ராணிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? ஒரு வண்டி அனுப்பு முருகா. ஒரே ஒரு வண்டி."

அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. வண்டி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. பாதையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. முருகனையே வாய்க்கு வந்தபடி திட்டினேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ராம்தாஸ் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் பதினாலு பேர், தோளில் ரெண்டு நீள மரக்கொம்பு, கயிறு. வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்திருக்கிறார். கமலா தன் வீட்டு ரஜாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டாள். கொம்புகளுக்கு நடுவே சுரேஷின் அந்தப் பலகையையே வைத்துக் கட்டி, அதன்மேல் ரஜாய் விரித்து, காலுக்குக் கயிற்றுத் தொட்டில் கட்டினார்கள். அவனைக் கிடத்தி, அசையாமல் சுற்றிக் கட்டினார்கள். யாரும் கத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. எட்டுப் பேர் குனிந்து, ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

தூக்கிய விதத்தைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது சுமை தூக்குகிற கை இல்லை, சாமி தூக்குகிற கை. குட்டைக் குட்டையாக அடி வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கால் முன்னே போனது. சரிவில் முன்னே இருப்பவன் கொம்பைத் தலைக்கு மேலே உயர்த்தினான், பின்னே இருப்பவன் இடுப்புக்கு இறக்கினான். மேலே கிடந்தவன் மட்டமாகவே இருந்தான். ராம்தாஸ் 'ஹோ' என்றால் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாறியது. நடை நிற்கவில்லை. நாங்களும் இப்படித்தான் மாற்றுவோம்.

"நானும் தூக்கறேன்" என்று முன் கொம்புக்குப் போனேன். ராம்தாஸ் என் மார்பில் கையை வைத்துத் தள்ளி, பின்னால் போகச் சொன்னார். நேற்றைய தனபாலாக இருந்தால் அங்கேயே மல்லுக்கு நின்றிருப்பேன். வாயைத் திறக்காமல் கடைசிக்குப் போனேன். ரெண்டாவது கிலோமீட்டரில் பின்னால் இருந்தவருக்குக் கால் வழுக்கியது. அவர் விழுவதற்குள் கொம்புக்கு அடியில் என் தோளைக் கொடுத்தேன். அடுத்த 'ஹோ'வுக்கு எல்லாரோடும் சேர்ந்து தோள் மாற்றினேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்க ஊர்லயும் தேவதா தூக்குவீங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"தூக்குவோம். முருகன். சிவன் புள்ள, மயில் மேல வர்றவரு" என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் முன்னால் இருப்பவர்களிடம் சத்தமாக என்னவோ சொன்னார். வரிசை முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. ராம்தாஸ் திரும்பாமலே சொன்னார், "அவர்தான் எங்க தேவதாவும். கார்த்திக் சுவாமி. அவர் பல்லக்கத் தூக்கற ஆளுங்கதான் நாங்க எல்லாரும்."

அய்யோ, அந்த நேரத்தை எப்படி எழுதுவேன்! கொம்பை விட்டால் சுரேஷ் சாய்ந்துவிடுவான் என்பதால் கையெடுத்துக் கும்பிடக்கூட முடியவில்லை. தோளில் கொம்போடு, மூக்கு ஒழுக, "முருகா முருகா" என்று அழுதுகொண்டே நடந்தேன். பிரகாஷ் பக்கத்திலேயே நடந்து சுரேஷிடம் பேசிக்கொண்டே வந்தான். "தூங்காதடா, கண்ணத் தொற, அக்காகிட்ட பேசணும்ல." ஒன்பது கிலோமீட்டர். நாலரை மணி நேரம். ஒரு தடவைகூட அவனைக் கீழே வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டார்கள். என் ரத்தம் சேரவில்லை, பிரகாஷ் ரத்தமும் சேரவில்லை. தூக்கி வந்தவர்களில் மூன்று பேர், ஈரச் சட்டையோடு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, எந்த வண்டியில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். வண்டி இல்லை, தோளில்தான் என்றேன். அந்த அம்மா என் ஈரத் தோளைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "நல்லதாப் போச்சு. உள்ள ரத்தம் உறைஞ்சு கிழிசல ஏதோ அடைச்சு வச்சிருந்தது. அந்த ரோட்ல வண்டியில குலுக்கிட்டு வந்திருந்தா வழியிலயே போயிருப்பார்."

வண்டி கொடு என்றுதானே நான் கதறினேன்? கொடுக்கவில்லை என்றுதானே திட்டினேன்? கேட்டதை முருகன் கொடுத்திருந்தால் நான் ஒரு பிணத்தோடு ஊர் திரும்பியிருப்பேன்.

என் தப்பு தப்புதான், அதில் மாற்றமில்லை. வண்டி கெட்டது நல்லதுக்கே என்று நான் தப்பித்துக்கொள்ள வரவில்லை. அன்றே பூத்திலிருந்து ராணிக்குப் போன் போட்டு, ராம்தாஸ் சொன்னதையும் நான் கேட்காததையும் ஒளிக்காமல் சொன்னேன். "உன்ன அப்புறம் வச்சிக்கிறேன். மொதல்ல அவன் குரல் கேக்கணும் எனக்கு" என்றாள். மறுநாள் அவன் "அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். ரெண்டு பக்கமும் அழுகைதான்.

பதினாறு நாள் அங்கே இருந்தோம். பாதை திறந்த பிறகு, பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கமலா தினமும் சாப்பாடு கொடுத்து அனுப்பினாள். பில்லு என்னவென்று பார்க்கச் சொன்ன வாய் இது, அந்தச் சோற்றைத்தான் தின்றது. கிளம்பும் அன்று நான் ராம்தாஸின் காலில் விழப் போனேன். அவர் பிடித்து நிறுத்திவிட்டார். "கால்ல விழாத பாய். வைகாசியில எங்க தேவதா கிளம்பும்போது வா, ஆள் பத்தாது" என்றார். வேனை அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ரயிலில் வந்தோம். சொன்னபடி வைகாசியில் நானும் பிரகாஷும் போனோம். பின் கொம்பு கொடுத்தார்கள்.

ஊரில் கோபால் வீட்டுக்கும் போனேன். "எட்டு வருஷம் கழிச்சு எதுக்குய்யா வந்தே?" என்றார். "இடம் இருந்தா கடைசியில நிக்கறேன்" என்றேன். முறைத்தார். அப்புறம் காபி கொடுத்தார்.

எனக்குக் கோபம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் ராணி சிரிப்பாள். ஆனால் ஒருவர் ஒன்று சொன்னால் இப்போது நின்று கேட்கிறேன். வேண்டுகிற விதமும் மாறிவிட்டது. இதைக் கொடு, இப்படிக் கொடு என்று முருகனுக்கு நான் வழி சொல்லித் தருவதில்லை. என் ஆள் விழுந்து கிடக்கிறான், நீ வா என்று மட்டும் சொல்கிறேன். எப்படி வருவான் என்பது அவன் பாடு. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் நீங்களும் அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். கூப்பிட்ட பிறகு யார் கொம்போடு வந்து நின்றாலும் தோள் கொடுங்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வருகிற கிருத்திகைக்கு எங்கள் பேட்டைக் கோயிலுக்கு வாருங்கள். பிரசாத வரிசையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பொங்கலை அளவில்லாமல் அள்ளி வைத்து ராணியிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஒருவன் நிற்பான். அவன்தான் சுரேஷ். கையை நீட்டுங்கள், உங்களுக்கும் வைப்பான்.