ஒற்றை டிஸ்க்கில் ஓடிய சீசன்

ஜெபகுமாருக்கு வீடு செங்கல்பட்டில், பிழைப்பு கடற்கரைச் சாலையில். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை எந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். வண்டி ஓட்டியே இடுப்பு போய்விட்டது. "மெஷினுக்காவது பார்ட்டு மாத்தறாங்க" என்பாள் மனைவி.

2006 டிசம்பரில் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றிலிருந்து ரிசப்ஷன் ஸ்ரீதேவி கூப்பிட்டாள். திரையில் ஏதோ வருகிறதாம். போய்ப் பார்த்தார். ஏசி அறையில் புக்கிங் எல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர். அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அக்டோபரிலேயே ஒன்று போயிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் நல்ல டிஸ்க்கிலிருந்து எல்லாம் நகலாகிவிடும். தவறி நல்லதைப் பிடுங்கினால் சீசன் புக்கிங் அத்தனையும் போச்சு.

போன டிஸ்க்கின் முகத்தில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இரண்டு முகத்திலும் விளக்கே தெரியவில்லை. சந்தனம் அப்பி, மேலே குங்குமம்.

"யாரு வெச்சது?"

"நான்தான் சார்" என்றார் கணக்குப் பார்க்கும் சம்பத். "ஆயுத பூஜைக்கு."

"பூஜ போடு அண்ணாத்த, வேணான்னா சொன்னேன்? வெளக்கு மேலயா வெப்ப?"

"சரியா நடு நெத்தியில இருந்துச்சு. அங்க வெக்காம பின்ன எங்க வெக்கறது?"

ஸ்ரீதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜெபகுமார் ஈரக் கைக்குட்டையால் துடைத்தார். குண்டூசியால் கிளறினார். காய்ந்த சந்தனம் துளைக்குள் இன்னும் இறங்கியது. போனது எந்த நம்பர் டிஸ்க் என்று பார்த்தால் திரை 'ஒன்று' என்றது. அந்த ஒன்று மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று பெட்டியில் எங்கும் போடவில்லை.

"ஜனவரி புக்கிங்கைத் தொறம்மா. மூடு. மறுபடி தொற."

அவள் திறந்து மூட, அவர் இரண்டின் மேலும் விரல் வைத்துக் கண்ணை மூடினார். மேலே இருந்தது வெதுவெதுப்பாக அதிர்ந்தது. கீழே இருந்தது சில்லென்று கிடந்தது. கீழே இருந்ததைப் பிடுங்கினார். திரையில் பெயர்கள் அப்படியே நின்றன. புதியதைச் செருகினார்.

நகல் பாதிகூட ஆகவில்லை, மேல் டிஸ்க் கடக் கடக்கென்றது.

"இன்னா சார் சத்தம்?"

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது. ஒண்ணு போய்ச் சேந்துச்சு. இது இன்னா நெனச்சுகினு கீதோ. முடியற வரைக்கும் எதையும் தொறக்காத."

"வேன்ல ஒரு கூட்டமே வந்து நிக்குது சார். யாருக்கு எந்த ரூம்னு எப்டி சொல்வேன்?"

"எளநி வெட்டிக் குடு."

அவள் போனாள். கோவளத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் இரண்டு முறை கூப்பிட்டது. அவர் எடுக்கவில்லை. சத்தம் நிற்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சும் நின்றது. மறுபடி கடக்கென்றால்தான் உயிர் வந்தது. இளநீர் தீர்ந்துவிட்டதென்று ஸ்ரீதேவி சொல்ல வந்தபோது நகல் முடிந்திருந்தது. திறந்து பார்த்தாள். வேனில் வந்தவர்கள் பெயர் இருந்தது. பொங்கல் வரை எல்லாம் இருந்தது. அவள் ரிசப்ஷனுக்கு ஓடினாள்.

"மேல கீறதையும் மாத்திடணும்" என்றார் ஜெபகுமார்.

"அதான் ஓடுதே சார்" என்றார் சம்பத்.

வாதாட அவருக்குத் தெம்பில்லை. கோவளம் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை எடுத்தார்.

"வந்துகினே கீறேன் சார்" என்று சொல்லிவிட்டு, ஏசி குளிரில் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.