சுவரோரம் புதைத்த உப்பு

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் சின்னதாக ஓட்டு வீடு ஒன்று கட்டி முடித்திருந்தேன். தலைப்பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போன என் மனைவியை, குழந்தை பிறந்து பல மாதம் ஆகியும் மாமியார் அனுப்பவில்லை.

"உங்க ஊட்டுக்குக் கரண்ட் வரட்டும், பேன் சுத்தட்டும், அப்பறம் அனுப்பறேன். கொசு கடிக்கவா புள்ள பெத்து வச்சிருக்கா எம் பொண்ணு?" என்று சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் வராது.

வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் என் பங்காளி. திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவர். கரண்ட் ஆபீசில், "அவருக்கு லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டார்கள். "நல்லா பாட்டு போடுவாருங்க" என்றேன். ஆபீசே சிரித்தது. லைசென்ஸ் உள்ளவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு என்று அனுப்பிவிட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து அப்படி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லியே! நான் எப்படிங்க கையெழுத்து போடுறது?" என்றார். எர்த் குழிக்கு ஈரமான இடம் வேண்டுமாம். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் தண்ணீர் ஊறுகிற சுவரோரத்தைக் காட்டினார். ஆள் உயரக் குழியில் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடச் சொன்னார். வெள்ளிக்கிழமை கரண்ட் ஆபீஸ் அதிகாரியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் கொட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். உறவில்லை என்றாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னாடா புதைக்கிற?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

அன்று சாயங்காலம் அவருடைய மாடு பால் சொம்பை உதைத்துத் தள்ளியது.

மறுநாள் குழந்தையைப் பார்க்கத் திண்டிவனம் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரியையும் லைசென்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தால், குழி வாயைப் பிளந்து கிடக்கிறது. சுற்றிலும் வேப்பிலை, உடைத்த பூசணிக்காய். குழாயையும் காணோம், கரியையும் உப்பையும் காணோம்.

"இதுவா எர்த்து?" என்றார் அதிகாரி.

அத்தை ஓடி வந்தார். "இவன்தாங்க சார்! எஞ் செவுத்தோரம் கரியும் உப்பும் வச்சு செய்வினை செஞ்சிகினு இருந்தான். வாயே தொறக்காதவனை நம்பவே கூடாது சார்!"

பின்னால் நின்ற பூசாரி பெருமையாகச் சொன்னார்: "எடுத்து ஏரியில போட்டுட்டேங்க. இனிமே பயமில்ல."

அதிகாரி சிரித்துச் சிரித்து இருமல் வந்து திணறிப் போனார். பிறகு அத்தையிடம், "கரண்ட் எங்கியாவது ஒழுகினா, ஆளை அடிக்காம மண்ணுக்குள்ள இழுத்துக்கிறதும்மா அது" என்று விளக்கினார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்றதுல இன்னாடா பேஜாரு உனக்கு?"

சாயங்காலப் பஸ் வருவதற்குள் குழியை மூடினால் பார்த்துவிட்டுப் போவதாகவும், இல்லையென்றால் அடுத்த மாதம்தான் என்றும் அதிகாரி சொன்னார். பூசாரி வேட்டியை மடித்துக்கட்டி ஏரிச் சேற்றில் காலால் துழாவினார். "புதைச்சதை எடுத்துத்தான்யா எனக்குப் பழக்கம், வீசினதை இல்ல" என்று புலம்பிக்கொண்டே குழாயை மீட்டார். துணி தேய்ப்பவர் ஒரு கோணி கரி கொடுத்தார். உப்புதான் கிடைக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். வீடுகளிலோ, வெள்ளிக்கிழமை உப்பைக் கொடுத்தால் லட்சுமியே போய்விடுவாள் என்று யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். கேட்க வாய் வராமல் திரும்பினேன்.

வந்து பார்த்தால், ஊறுகாய்க்காக வைத்திருந்த உப்புப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை குழியருகே நிற்கிறார். பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அத்தை, வெள்ளிக்கிழமை..." என்றேன்.

"லச்சுமி கோவிச்சிகினு போனா நான் கூப்புட்டுக்கறேன். உன் பொண்டாட்டி புள்ளைய நீயா வாய் தொறந்து கூப்புடப் போற? கொட்டுடா ஜல்தி!"

அதிகாரி கருவியை வைத்துச் சோதித்துத் தலையாட்டினார். அடுத்த சில நாளில் விளக்கு எரிந்தது. மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போதும் எனக்குப் பேச்சு சரளமாக வராது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாததால் என்னைக் கண்டு பயந்தவர், அதைவிடப் பெரிய பயம் ஒன்றை எனக்காக விழுங்கிக்கொண்டு நின்றதை நினைத்தால், தெரியாதவர்களிடமும் முதல் வார்த்தையை நானே பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.