காரைப் புதருக்குள் நின்றவை

“மாடு மேஞ்ச மண்ணும்மா அது. புல்லுதான் வரும். காடு எங்கேருந்து வரும்?” என்றார் அப்பா.

தொம்மலூரில் ஐடி கட்டடங்களின் இடுக்கில் இன்னமும் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். மாட்டின் வாய் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். செடிகளைப் பற்றிப் படித்து, அதிலேயே சம்பளமும் வாங்குகிறேன். சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹொஸ்கோட்டேக்கு அப்பால் ஒரு பழைய மேய்ச்சல் நிலத்தில் காட்டைத் திரும்பக் கொண்டுவருவது எங்கள் வேலை. போன மழைக்கு முன் பாதி நிலத்தின் முள்புதர்களை வழித்தெறிந்துவிட்டு வரிசையாகக் கன்றுகள் நட்டோம். கோடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. முட்டுக்கொடுத்த மூங்கில் குச்சிகள்தான் நிற்கின்றன. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து மெல்ல முனகும்.

“மிச்சமிருக்கிற முள்ளுதான் தண்ணியெல்லாம் குடிக்குது. திங்கக்கெழம ஜேசிபி வருது. எடுக்க வேண்டியதுக்கு ரிப்பன் கட்டிடும்மா,” என்றார் மேலாளர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவப்பு ரிப்பனுடன் போய், புதர் புதராகக் கட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பெரிய காரைமுள் புதரின் முன் மாடு ஒன்று தனியாக நின்றது. மேயவில்லை. புதருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டியும் நகரவில்லை. உள்ளே யாரோ இருப்பதாகப் பட்டது.

“யாருங்க?” என்றேன்.

தவழ்ந்து நுழைந்தேன். முள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. வெளியே அடித்த காற்று அங்கே இல்லை. மாதக்கணக்கில் மழை பார்க்காத மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. கண் பழகியதும் தெரிந்தது, என்னைச் சுற்றிலும் நாவல், வேம்பு, சந்தனக் கன்றுகள். ஒன்றுகூட நாங்கள் நட்டதில்லை. முள்மேல் உட்கார்ந்த பறவைகள் போட்ட விதைகள். முள் மாட்டைத் தடுத்திருந்தது, நிழல் ஈரத்தைக் காத்திருந்தது. நடுவில் ஒரு நாவல் மரம், புதரின் தலையைக் கிழித்துக்கொண்டு மேலே போயிருந்தது. அதைச் சுற்றியிருந்த காரை, தான் வளர்த்ததன் நிழலிலேயே வெளுத்து, எலும்பாகி, இன்னும் அதை அணைத்தபடி நின்றது.

ஓர் இலையும் அசையவில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டினுடையது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் மாடு இல்லை.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

“முள்ளு நிக்கட்டும்னா உன் சார் உடுவாரா? வேல போயிடும் பாப்பா.”

போனாலும் போகலாம். கட்டிய ரிப்பன்களை எல்லாம் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தேன். ஜேசிபிக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று.

சாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.