மூன்று பிஸ்கட் கலர்

எங்கள் அறைச் சுவரில் கைக்குட்டை அகலத்துக்கு மூன்று சதுரம். பெயிண்டர் சாம்பிள் அடித்துக் காட்டிவிட்டு, "காலையில வாரேன், எதுன்னு சொல்லிருங்க" என்று போய்விட்டார். எனக்கு மூன்றும் ஒரே பிஸ்கட் கலர்தான். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள் என் மனைவி.

"ஒன் இஷ்டம்" என்றேன். வாய்ப்பழக்கம்.

இருபத்திரண்டு வருஷம் சவுதியில் இருந்துகொண்டு போனில் நான் சொன்னதெல்லாம் அதுதான். கதவுக்குத் தேக்கா வேம்பா, தரைக்கு எந்த டைல்ஸ், மகளுக்கு எந்தக் காலேஜ், எல்லாவற்றுக்கும் ஒன் இஷ்டம். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்டியில் எங்கள் தெரு ஆம்பளைகள் பாதிப் பேர் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அங்கன இருந்தப்ப சரி. இப்பதான் ஒரேயடியா வந்துட்டீகள்ல. ஒருதடவையாவது பாத்துச் சொல்லுங்க" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இதிலும் நழுவினால் இந்த வீட்டில் கடைசிவரை நான் விருந்தாளிதான் என்று புரிந்தது. சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை மூன்றும் ஒன்றுதான். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் முதலாவதில் லேசாக ரோஸ் ஓடியது. மஃரிபுக்குப் பிறகு டியூப்லைட் போட்டதும் நடுவில் இருந்தது சோகை பிடித்தாற்போல வெளுத்தது. மூன்றாவது மட்டும் அப்படியே இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அடுப்படிக்கே ஓடினேன்.

"மூணாவது."

"எனக்கு மொதலாவதுதான் பிடிச்சிருக்கு."

"அது சாயங்காலமானா ரோஸாகுது."

"ஆகட்டுமே. எனக்கு ரோஸ் பிடிக்கும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. விட்டுக்கொடுத்துவிடலாம் என்று "ஒன்..." என ஆரம்பித்ததுமே முறைத்தாள். சரி, மூணாவதுதான் என்று நின்றேன். சாப்பாடு முடியும்வரை சண்டை. போன் இல்லாமல், நேருக்கு நேர் உட்கார்ந்து, குழம்பை ஊற்றிக்கொண்டே போட்ட சண்டை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

காலையில் பெயிண்டர் வந்தபோது கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் இஷ்டப்படியே முதலாவதைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது.

"மூணாவது அடிங்க. அவுக நாள் முழுக்க உக்காந்து பாத்துச் சொல்லிட்டாக."

எதிர்த்த வாசலில் நான்கைந்து பெண்கள் மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.