இருவருக்கும் சேர்த்து ஒரு பதில்

தேன்மொழி பேச எழுந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அவள் ஊர் இருக்கும் மலைக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை, கடைசி வருடம். பெண்களின் பிரதிநிதித்துவம் பற்றிய கருத்தரங்கில், “கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது என்றால் பதவி யாருடையது?” என்று கேட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆனால் தட்டிய கைகளில் ஒன்றுகூட மதியம் அவள் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிடவில்லை. விடுதியிலும் அதே கதைதான். “உங்க மலையில கரண்ட் இருக்கா?” என்று முதல் நாள் கேட்ட அறைத்தோழிகள், அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா பெருமாயிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பாள். பெருமாயி உம் கொட்டிக் கேட்பாள். ஒருநாள் சொந்த ஊராட்சிக்குத் தலைவராகி அந்த நாற்காலியில் தானே உட்கார வேண்டும் என்ற ஆசையையும் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பொங்கல் லீவுக்கு மலைமேல் இருக்கும் தன் ஊரான குண்டூர் நாட்டுக்கு வந்தபோது அந்த ஆசை வீடு தேடியே வந்தது. ஊர்ப் பெரியவர் அருணாசலம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இந்தவாட்டி தலைவர் பதவிய பொம்பளைங்களுக்கு ஒதுக்கியிருக்காங்க கண்ணு. படிச்ச புள்ள நீ, நில்லு. ஊரே ஓட்டுப் போடும்.”

தேன்மொழி சரி சொல்ல வாயெடுத்தாள். அவர் முடிக்கவில்லை.

“செம்மேட்டு யூனியன் ஆபீஸ் வேலையெல்லாம் உங்கப்பன் தனபால் பாத்துக்குவான். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்.”

தனபால் பெருமையாகத் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு அதற்குள்ளேயே பதவி வந்துவிட்டது.

“அப்படின்னா நான் நிக்க மாட்டனுங்க பெரியப்பா.”

“சரி, உங்கம்மா நிக்கட்டும்.”

குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெருமாயியின் கத்தி நின்றது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தாள் தேன்மொழி.

“அம்மாவும் நிக்காதுங்க. அதுக்கு இதெல்லாம் ஒத்து வராது.”

வந்தவர்கள் எழுந்து போனார்கள். கத்தி மறுபடி சீவத் தொடங்கியது. தனபால் மகளை முறைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் சேதி வந்துவிட்டது. மேலத்தெரு சுகுணா நிற்கிறாளாம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தவள் திரும்புவதற்குள் புருஷனே சரி சொல்லிவிட்டானாம்.

தேன்மொழிக்கு ஆத்திரம் பொங்கியது. “பாத்தியாம்மா! நிக்கப் போறது சுகுணாக்கா. அவங்கள ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டாங்களா?”

பெருமாயி கிழங்கைச் சட்டியில் போட்டாள். அடுப்பைத் தூண்டிவிட்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

“என்னைய நீ கேட்டியா கண்ணு?”

தேன்மொழி அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

“நின்னிருப்பியாம்மா?”

“நிப்பனோ மாட்டனோ. கையெழுத்து மட்டுந்தான் போடுவேன்னு உனக்கு யாரு சொன்னா?”

லீவு முடிந்து கிளம்பும்போது பெருமாயி வழக்கம்போல ரோடு வரைக்கும் வந்தாள். மிளகுப் பொட்டலத்தைக் கையில் திணித்து, “பாத்துப் போ சாமி” என்றாள். கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது மகளுக்கு. அடிவாரத்துக் காரவள்ளி வருகிறவரை அழுதுகொண்டே இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் போட்டாள். மறுமுனையில் பெருமாயி காத்திருந்தாள், உம் கொட்ட. மனம் விட்டுப் பேச தேன்மொழிக்கு உலகத்தில் இருந்தது அந்த ஓர் ஆள்தான். அன்று அவளிடமும் பேச வாய் வரவில்லை.