ஸ்ட்ரெச்சர் தூக்கும் இருவர்

இர்வின் கீஸ்பிரெக்ட் தன் வாழ்நாளில் துப்பாக்கியைக் கையில் பிடித்ததில்லை. வயலைக் குடைகிற தரை அணிலைச் சுடக்கூட அவன் வீட்டில் ஒன்று இருந்தது கிடையாது. ஆல்டோனாவில் டிரெய்லர் செய்கிற பட்டறையில் அவனுக்கு வெல்டிங் வேலை. ஞாயிறு தவறாமல் கோயில். ஆனால் அவன் கம்ப்யூட்டரில் செத்த சிப்பாய்களை எல்லாம் எண்ணினால் மேனிடோபா மாகாணம் முழுக்க இருக்கிற ஜனம் போதாது.

பழைய காலத்துச் சண்டை விளையாட்டு அது. ஒரு பெரிய மைதானம், இந்தப் பக்கம் சில ஆயிரம் பேர், அந்தப் பக்கம் சில ஆயிரம் பேர். நீ பருந்து மாதிரி மேலே இருந்துகொண்டு, இந்தக் கூட்டம் மேட்டுக்குப் போ, அந்தக் குதிரைகள் பின்னால் சுற்றிவா என்று உத்தரவு போடலாம். கம்பெனி விற்கிற சரக்கு அவ்வளவுதான். வாங்கினவர்களில் சில கிறுக்கர்கள் அதைப் பிரித்துப்போட்டு, உள்ளே கைவிட்டு, தங்கள் மனசுக்குத் தோன்றியபடி மாற்றிக் கட்டி, ஊருக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். அதற்கு மோட் என்று பேர். எவனும் கூலி தரமாட்டான். குறை சொல்ல மட்டும் உலகம் முழுக்க ஆள் வருவான்.

இர்வினை அந்தக் கிறுக்கில் தள்ளியது ஒரே ஒரு விஷயம். கம்பெனி விளையாட்டில் சுடப்பட்டு விழுந்தவன் கொஞ்ச நேரம் கிடப்பான், அப்புறம் புல்லுக்குள் அமிழ்ந்து காணாமல் போய்விடுவான். மெஷினுக்குப் பாரம் குறையவேண்டும் அல்லவா, அதற்காக. முதல் தடவை அதைப் பார்த்தபோது இர்வின் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். “விழுந்தவன் எங்கடா போனான்?” என்று வாய்விட்டே கேட்டான்.

அவனுடைய முதல் மோட் விழுந்தவர்களைக் கிடக்கவிட்டது. கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுபோனது. இருக்கிற பாரத்தை இங்கே குறைத்து, அங்கே திருடி, எப்படியோ ஓடவைத்தான். அப்புறம் கிடக்கிறவர்களில் சிலர் கையைத் தூக்கினார்கள். கையைத் தூக்கினால் யாராவது வரவேண்டாமா? அதற்காக ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களைச் செய்தான். இரண்டு இரண்டு பேராக வருவார்கள், கையில் ஆயுதம் இருக்காது. விளையாடுகிறவன் என்ன கத்தினாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள். மைதானத்தின் ஓரத்தில் கதவு கோணலாகத் தொங்குகிற ஒரு மாட்டுக்கொட்டகை. அதன் முன்னால் ஒரு வண்டி. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒரு கிழவன். அடிபட்டவர்களை அந்த வண்டி வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் அவர்கள் வேலை.

அதற்குத்தான் ஜனம் அவன் மோட்டைத் தேடி வந்தது. கம்பெனி விளையாட்டில் ஜெயித்தால் கொட்டுமுழக்கம் கேட்கும், முடிந்தது. இர்வினுடையதில் ஜெயித்த பிறகும் களம் அப்படியே கிடக்கும். எழுந்து போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நிறையப்பேர் போகவில்லை. “கடைசி ஆளைத் தூக்குற வரைக்கும் உக்காந்திருந்தேன். சாப்பாடு ஆறிப்போச்சு. ஏன்னு கேக்காதீங்க” என்று டெக்சாஸிலிருந்து ஒருத்தன் எழுதினான்.

இதெல்லாம் கோயிலில் சொல்லிக்கொள்கிற சமாசாரம் இல்லை. ஆயுதம் எடுப்பது பாவம் என்று நானூறு வருஷமாக நாடுவிட்டு நாடு ஓடிவந்த ஜனம் இது. இர்வினின் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போக மறுத்து, காட்டில் மரம் வெட்டும் முகாமில் கிடந்தவர். அதனால் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் இல்லை. பின்பக்கத்து ஷெட்டில், பனி தள்ளும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை இர்வின் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டான். இரண்டு படைகளும் மைதானத்தின் நடுவே வந்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றன. எவனும் சுடவில்லை. காப்பி கொண்டுவந்த அவன் மனைவி வெர்னா எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது, எல்லாரும் நிக்கிறாங்க?”

“தப்பாயிடுச்சு.”

“தப்பா? இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கே. மொத்தப் பேரையும் சபையில சேத்துட்டே!”

இர்வினுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றும்போனது. லோர்ன் நினைப்பு வந்திருக்கும்.

லோர்ன் அவன் தம்பி. இருபத்திரண்டு வயசில் பட்டாளத்தில் சேர்ந்தான். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் ஃபாஸ்பா என்கிற சாயங்காலச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருந்தபோது, பட்டாளத்துச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். மேஜையில் பன்னும் பாலாடைக்கட்டியும் ஜாமும் இருந்தன. அப்பா அப்ராம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “அந்தச் சட்டையைக் கழட்டிட்டு உள்ள வா.”

“சட்டைக்குள்ள அதே ஆளுதாம்ப்பா இருக்கேன்.”

“கழட்டிட்டு வா.”

லோர்ன் அண்ணனைப் பார்த்தான். இர்வின் பன்னுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தான், எழுந்திருக்கவில்லை. வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அப்புறம் கந்தகாரில் கண்ணிவெடி. லோர்னுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இர்வின் அதைப் பட்டறையில் ரேடியோவில் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். “லோர்ன், நான் இர்வின்” என்றான். எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. அதற்குமேல் அவன் முயற்சி செய்யவில்லை.

மோட்டுக்கு ஒரு ஃபோரம் உண்டு. விளையாடுகிறவர்கள் குறை எழுதுகிற இடம். அதற்கு இர்வின் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: இங்கே விளையாட்டைப் பற்றி மட்டும் பேசணும். வீட்டுக் கதை, அரசியல், மதம் எதுவும் கூடாது. மீறினால் ஆளைத் தூக்கிவிடுவான். தயவு தாட்சண்யம் கிடையாது.

அந்த ஃபோரத்தில் ஒருநாள் புதிதாக ஒருத்தன் வந்தான். பேர் ‘பிரிப்ஸ்’. வறுத்த பார்லியில் போடுகிற காப்பியைத்தான் எங்கள் ஜனம் அப்படிச் சொல்லும். ஆனால் கீஸ்பிரெக்ட் வீட்டில் அது அந்த நிறத்தில் இருந்த ஒரு நாயின் பேர். பையன்கள் இருவரும் ஒரே போர்வையில் அதைப் படுக்கவைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். இர்வின் அந்தப் பேரைப் பார்த்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அவர்கள் வீட்டுக் கொட்டகையின் கதவும் கோணலாகத்தான் தொங்கும்; விளையாட்டில் அதைப் பார்த்து லோர்னும் இது யார் வேலை என்று கண்டுபிடித்திருப்பான்.

பிரிப்ஸ் எழுதியது இதுதான்: “ஸ்ட்ரெச்சர் தூக்குறவங்க நிமிர்ந்து ஓடுறாங்க. யாரும் அப்படி ஓட மாட்டாங்க. குனிவாங்க.”

இர்வின் பதில் எழுதினான்: “சரி பண்ணிடறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. நலமா என்று ஒருத்தன் கேட்கவில்லை, மற்றவன் சொல்லவில்லை. குறை வரும், சரி பண்ணிடறேன் என்று பதில் போகும். வருஷக்கணக்கில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். “அடிபட்டவன் உடனே கத்த மாட்டான். முதல்ல தன்னோட காலைத் தேடுவான்” என்று ஒருநாள் பிரிப்ஸ் எழுதினான். அன்றைக்கு இர்வின் கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்ப் பனியில் நின்றான். வெர்னாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள்.

இன்னொரு தடவை வந்தது: “முன்னால போறவன் நொண்டினா, பின்னால வர்றவன் அவன் காலைப் பாத்து அதே நடைக்கு வரணும். உன் ஆளுங்க அவனவன் நடை நடக்குறான். மேல கிடக்குறவன் உருண்டு விழுந்துடுவான்.”

இது லேசில் முடிகிற காரியம் இல்லை. இர்வினுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. கடைசியில், பின்னால் வருகிறவன் முன்னவனின் பாதத்தைப் பார்த்து, அரை எட்டுத் தாமதித்து, அவன் சாய்கிறபோது தானும் சாய்ந்து நடந்தான். பிரிப்ஸ் ஒரே வார்த்தை எழுதினான்: “ஆமா.”

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்தது இந்த மார்ச் மாதம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவன் இன்னும் அந்தச் சட்டையைப் போட்டிருக்கானா?”

யாரைப் பற்றி என்று இர்வின் கேட்கவில்லை. “தெரியலப்பா.”

“தெரிஞ்சா சொல்லு.”

அதைச் சொல்ல வாய்க்கவில்லை. ஏப்ரலில், பனி உருகி ரோடெல்லாம் சேறான வாரத்தில் அவர் போய்விட்டார்.

அடக்கம் சனிக்கிழமை. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார் அடக்கக்காரர். இர்வின் தன்னையும் சேர்த்து ஐந்து பேரைச் சொன்னான். ஆறாவது ஆளை அப்புறம் சொல்கிறேன் என்று விட்டான்.

“பட்டாளத்து ஆபீஸ்ல கேட்டா நம்பர் கிடைக்காதா?” என்றாள் வெர்னா.

“கிடைக்கும். என் குரலைக் கேட்டதும் வெச்சிடுவான்.”

“அப்ப ஃபோரத்துல எழுது.”

“எழுதினா ரெண்டு பேரும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிச்சது உடைஞ்சிடும், வெர்னா. அவன் ஓடிட்டான்னா? அந்த ஒரு இடத்துலதான் எனக்கு அவன் இருக்கான்.”

“இதைக்கூடச் சொல்ல முடியலைன்னா அவன் அங்க இருந்து உனக்கு என்ன?”

இர்வின் ஷெட்டுக்குப் போனான். ஃபோரத்தில் அன்றைக்குக் குதிரை வால் சரியாக ஆடவில்லை என்று ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே தட்டினான். வெல்டிங் பிடித்த கை, விசையெல்லாம் தவறிற்று.

“பிரிப்ஸ். அப்பா இறந்துட்டாரு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம், நம்ம கோயில்ல. அதுக்கப்புறம் ஃபாஸ்பா. — இர்வின்.”

தன் சட்டத்தைத் தானே மீறியிருந்தான். அவன் நிஜப் பேரே அங்கே யாருக்கும் அதுவரை தெரியாது.

அந்த ஃபோரத்தில் ஒரு எறும்பு செத்தாலும் ஐம்பது பேர் கருத்துச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்கிற எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. குதிரை வாலுக்குச் சண்டை போட்டவன் தெரியாமல் கீழே ஏதோ எழுதிவிட்டு, அதையும் வந்து அழித்துவிட்டான். உலகம் முழுக்க இருந்த முன்பின் தெரியாத ஜனம், யாரோ ஒருத்தனுக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

வியாழன் முழுக்க ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் இர்வின் போனை எடுத்துப் பார்த்தான். பிரிப்ஸ் எழுதியிருந்தான்:

“ஸ்ட்ரெச்சருக்கு ரெண்டு பேர். பெட்டிக்கு ஆறு. எத்தனை பேர் இருக்கீங்க?”

“அஞ்சு” என்று எழுதினான்.

“பெட்டி எனக்கு இடது பக்கம் வரணும். வலது கால் பாரம் தாங்காது.”

“முன்னால வலது மூலை காலியா இருக்கு.”

பதில் வரவில்லை. வருவானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வெர்னா இரண்டு தடவை கேட்டாள். “தெரியல” என்றான்.

சனிக்கிழமை கோயிலில் பாட்டு முடிந்து, பெட்டியைத் தூக்க ஐந்து பேரும் எழுந்து நின்றபோதுதான் கடைசி வரிசையிலிருந்து லோர்ன் வந்தான். தலை நரைத்திருந்தது. கனமான கறுப்புக் கோட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தான். ஜனம் திரும்பிப் பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் முன் வலது மூலையைப் பிடித்தான். இர்வின் அவனுக்குப் பின்னால்.

கல்லறைக்குப் போகிற பாதை சேறு. காற்று வேறு தள்ளியது. லோர்னின் செயற்கைக் கால் ஒவ்வொரு எட்டுக்கும் பதிந்து, கொஞ்சம் தாமதித்து வெளியே வந்தது. பெட்டி ஒருமுறை சாய்ந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒருத்தன், “பாத்து, பாத்து” என்றான்.

இர்வின் நிமிரவில்லை. தம்பியின் பாதத்தை மட்டும் பார்த்தான். அரை எட்டுத் தாமதித்தான். அவன் சாய்ந்தபோது சாய்ந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த நடை, இப்போது அவன் கால்களில் வந்தது. பெட்டி நேராகியது. குழி வரைக்கும் அதற்கப்புறம் சாயவில்லை.

கோயிலின் கீழ் அறையில் ஃபாஸ்பா. அத்தனை பேர் அடைந்ததில் அறை சூடாக இருந்தது. லோர்ன் கோட்டோடு ஒரு ஓரத்தில் நின்றான், நெற்றியில் வேர்வை. இர்வின் பன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து அவனிடம் போனான்.

“கோட்டைக் கழட்டு. வேர்க்குது பாரு.”

“வேணாம் இர்வின். இருக்கட்டும்.”

“உள்ள என்ன சட்டையா இருந்தாலும் சரி. கழட்டிட்டு வந்து உக்காரு.”

லோர்ன் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். உள்ளே அதே பட்டாளத்துச் சட்டைதான். எங்கேயோ ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருப்பா, காப்பி ஆறுது” என்றாள்.

இர்வின் ஒரு பன்னை இரண்டாகப் பிளந்து ஜாம் தடவினான். தடவி முடித்து, தம்பியின் தட்டில் வைத்தான். லோர்ன் அதைத் தொடாமல் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்.

“உன் மோட்ல, வண்டிகிட்ட நிக்கிற அந்தக் கிழவர்.”

“ம்.”

“கடிவாளத்தை வலது கையில பிடிச்சிருக்காரு. அப்பா இடது கையிலதான் பிடிப்பாரு.”

இர்வின் தலை குனிந்துகொண்டான்.

“சரி பண்ணிடறேன்” என்றான்.