வெளக்கு எரிஞ்சுதான் இருந்துச்சு

செல்லியம்மாளைப் பத்திக் கேட்டீங்கல்ல, சொல்றேன். ஆனா அவளைப் பைத்தியம்னு மட்டும் எங்கிட்ட யாரும் சொல்லப்படாது, எனக்குக் கெட்ட கோவம் வரும். நான் மாரக்காள். சேந்தமங்கலம் ரோட்டு அரிசி மில்லுக் களத்துல அவளும் நானும் ஒண்ணா நெல்லுக் காயப்போட்டவங்க.

அவ கெங்கவல்லிப் பக்கத்துப் பொண்ணு. புருசன் செங்கோடன் எங்க ஊர்க்காரர், கெணறு வெட்டறவர். வருசம் பூராக் கூலி கெடைக்கும்னு, இந்த உலகச் சண்டை ஆரம்பிக்கறதுக்கு முந்தியே மில்லுல கேசு எஞ்சினுக்குக் கரி போடற வேலைக்கு வந்துட்டார். அந்த எஞ்சின் எண்ணெயில ஓடாதுங்க. கொல்லிமலைக் கரியைப் பெரிய இரும்பு உருளையில போட்டுக் கனிய வெச்சா ஒரு வாயு வரும். அதைத் தண்ணியில கழுவி எஞ்சினுக்கு விடுவாங்க. கழுவுன தண்ணி விழறதுக்கு அந்தக் கேசுக் கொட்டாயிக்குள்ளயே ஒரு குழி, ஆள் ஒசரத்துக்கு மேல ஆழம். கரிச்சேறு சேந்துட்டாத் தண்ணியை எறைச்சுட்டு ஆள் எறங்கித்தான் அள்ளணும்.

கெணறு வெட்டறவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாழுங்கெணத்துல எறங்கறதுக்கு முந்தி அரிக்கேன் வெளக்கைக் கயித்துல கட்டி உள்ள விடுவாங்க. அணைஞ்சா கெட்ட காத்து. எரிஞ்சா தாராளமா எறங்கலாம். செங்கோடனோட அப்பன், பாட்டன் எல்லாரும் அப்படித்தான் உசுரோட இருந்தாங்க. அவரும் சேறு அள்ளப்போன அன்னிக்கு எஞ்சினை நிறுத்திட்டு அரிக்கேனை விட்டுப் பாத்தார். நல்லாவே எரிஞ்சுது. எறங்கிட்டார். எஞ்சின்தான் நின்னுச்சு, உருளைக்குள்ள கரி கனிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. எப்பவும் குழித் தண்ணியில முங்கியிருக்கற குழாய் வாய், தண்ணியை எறைச்சதால தெறந்து கெடந்துச்சு. எஞ்சின் உறிஞ்சாத வாயு அது வழியா நேராக் குழிக்குள்ள வந்துருச்சு.

செல்லியம்மாள் சோத்துப் போசியைத் தூக்கிக்கிட்டுப் போனா. அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. கொட்டாயிக் கதவுகிட்ட நின்னு, "ஏனுங்க, சோறுங்க"ன்னா. பதில் இல்லை. புருசன் பேரைச் சொல்றதுதான் நமக்கெல்லாம் ஆகாதே! மறுபடியும் "ஏனுங்க"ன்னு கூப்புட்டுப் பாத்தா. கோவத்துல பேச மாட்டேங்கறார்னு நெனச்சுப் போசியை வெச்சுட்டுக் களத்துக்கு வந்துட்டா. இதை அவ ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லலை, எங்கிட்டகூட.

பொறவு ஆளுங்க பாத்துக் கொக்கி போட்டுத் தூக்குனாங்க. மொகம் செக்கச் செவேல்னு இருந்துச்சு, கள்ளுக் குடிச்சுட்டுத் தூங்கறவர் மாதிரி. குழிக்குள்ள அரிக்கேன் இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. அந்த வெளக்கைப் பாத்துத்தான் அவ அலறுனா.

முனி அடிச்சுருச்சுன்னு ஊரே பேசுச்சு. மொதலாளி சேவல் அறுத்துப் பூசை போட்டார். "முனியும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. இந்தக் காத்து வெளக்கை அணைக்காது, ஆளைத்தான் கொல்லும். மொத நாளே நெருப்பை அணைச்சுட்டு ஆளை எறக்குங்க சாமி"ன்னு அவர் கால்ல உழுந்து கேட்டா செல்லியம்மாள். மறுபடி பத்த வெச்சுக் கனிய விட்டா அரை நாள் மில்லு நிக்கும்னுட்டார் அந்த மகராசன்.

அந்த வேலைக்கே செங்கோடனோட தம்பி மயில்சாமி வந்தான். அவ கையில சோறு தின்னு வளந்தவன். அவளுக்குன்னு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் குழியில எறங்கறப்பெல்லாம் அக்குளோட சேத்துக் கயிறு கட்டி, மேல நின்னு புடிச்சுக்குவா. "மயில்சாமி!"ம்பா. "இருக்கேன் நங்கை!"ன்னு அவன் சொல்லணும். அண்ணன் பொண்டாட்டியை எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடறது. பதில் வரலைன்னா இழுத்துருவா.

அவன் ஒரு குசும்பன். வேணுமின்னே வாயை மூடிக்குவான். அவ உசுரைக் குடுத்து இழுப்பா, இவன் சுவத்துல காலை ஊனிச் சிரிச்சுக்கிட்டே ஏறி வருவான். களமே கைகொட்டிச் சிரிக்கும். கூறுகெட்ட சனம்! அவ ஒரு வார்த்தை திட்டமாட்டா. அவன் மொகம் செவந்திருக்கான்னு மட்டும் உத்துப் பாப்பா.

ஐப்பசியில ஒரு நாள், சாரல் அடிக்குதுன்னு கேசுக் கொட்டாயிக் கதவெல்லாம் சாத்தியிருந்தாங்க. மயில்சாமி குழிக்குள்ள இருந்தான். கூப்புட்டா, சத்தம் இல்லை. வழக்கம் போலச் சிரிச்சாங்க. மொதலாளி எட்டிப் பாத்துட்டு, "வெளக்குதான் எரியுதே புள்ளே, வேலையைக் கெடுக்காதே"ன்னார்.

"எரியட்டுங்க"ன்னுட்டுக் கயித்தை இழுத்தா. கயிறு கனமா வந்துச்சு. சுவத்துல கால் ஊனற சத்தமே இல்லை. "மாரக்கா, ஓடி வாடி!"ன்னு ஒரு கத்து கத்துனா. ரெண்டு பேரும் இழுத்து மழையில போட்டோம். மொகம் அதே செகப்பு. ஐயோ சாமி, போச்சுன்னே நான் நெனச்சேன். அவ விடலை. கன்னத்துல அறைஞ்சு, காதுல வாயை வெச்சுப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டா. கடைசியில கக்கிட்டு மூச்சு விட்டான்.

பொழுது சாயற நேரம் அவனுக்குப் பேச்சு வந்துச்சு. "அண்ணன் உள்ள உக்காந்திருந்தார் நங்கை, வெளக்குக்குப் பக்கத்துல. 'இருடா, ஏனுங்கன்னு கூப்புடறா, பதில் சொல்லிட்டுப் போலாம்'னார்."

செல்லியம்மாள் அப்படியே தரையில உக்காந்துட்டா. அப்பத்தான் அந்தப் போசிக் கதையை எங்கிட்டச் சொல்லி அழுதா.

அதுக்கப்பறம் பயந்துபோய் மொதலாளியே மொத நாள் நெருப்பை அணைக்கச் சொல்லிட்டார். இருந்தாலும் அவ கயித்தை விடலை. அடுத்த தடவை குழி அள்ளறப்ப, "மயில்சாமி!"ன்னா. "இருக்கேன் நங்கை!" வேலை முடிஞ்சு அவன் மேல ஏறி வந்துட்டான். கயித்தைச் சுருட்டுவான்னு பாத்தா, வெறும் குழிக்குள்ள குனிஞ்சு, "செங்கோடா!"ன்னு கூப்புட்டா. கட்டுனவ வாயால புருசன் பேரு! களத்துல இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கலை.

அன்னியிலிருந்து எப்பவும் அப்படித்தான். மயில்சாமி பத்திரமா மேல வந்தப்பறம் அந்தப் பேரையும் ஒரு தடவை கூப்புட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னு பாப்பா. நானும் பக்கத்துல நின்னு காதைக் குடுத்துக் கேப்பேன்.